மாலை ஆறு மணிக்குக் கைக்கு என்ன வேலை?

குடிநோயிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீள்வோருக்கான கலைவழிச் சிகிச்சை: ஓர் ஆய்வு

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் வழியில் இருக்கிறது பாரிவாக்கம். ஏரியை நம்பி இருந்த ஊர், இன்று மனைப்பிரிவுகளும் வாடகை வீடுகளுமாக நகரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறவர்களின் புறநகர் இது. இங்கே வாழக்கூடிய இரண்டு பேரை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். ஆட்கள் இருவரும் கற்பனை. அவர்களுடைய நிலைமை கற்பனை அல்ல.

ஒருவர் நாற்பது வயது வெல்டர். குடிநோய்க்காக ஒரு மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். கைநடுக்கம் நின்றுவிட்டது, இரவில் தூக்கம் வருகிறது, மாத்திரை தவறுவதில்லை. ஆனால் இருபது வருடமாக மாலை ஆறு மணி என்றால் அவருக்கு ஒரே பொருள்தான். வேலை முடியும், கடைக்குப் போக வேண்டும், குவாட்டர் வாங்க வேண்டும், கூட்டாளிகளோடு நிற்க வேண்டும். இப்போது கடை இல்லை, கூட்டாளிகளும் இல்லை. ஆறு மணி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

இன்னொருவர் முப்பத்தைந்து வயதுப் பெண். மனச்சிதைவு நோய்க்கு ஆறேழு வருடமாக மருந்து எடுக்கிறார். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் வெயில் நகர்கிறதே தவிர அவர் நகர்வதில்லை. எதையும் தொடங்கத் தோன்றுவதில்லை. ‘சும்மாதானே உட்கார்ந்திருக்கா’ என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தச் சும்மா இருத்தலும் நோயின் ஒரு பகுதி என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

மருத்துவம் இருவருக்கும் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் மணி நேரங்களை எதைக் கொண்டு வாழ்வது? கலைவழிச் சிகிச்சையை இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பார்ப்பதே என் நோக்கம். கலை நோயைக் குணமாக்கும் என்று நான் வாதாடவில்லை. குணமாகி வருகிறவருக்கு அது பொழுதையும் கையையும் திருப்பித் தருகிறது. அதற்கு வண்ணமும் காகிதமும் போதாது, பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். உலகத்து அனுபவங்களையும் ஆய்வுகளையும் நம் ஊர் நிலவரத்தையும் வரிசையாகப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்.

தேவையின் அளவு

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது கணக்கிட்டது. மதுவால் வரும் கோளாறு உள்ளவர்களில் 86 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றும் சொன்னது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய அறிக்கை இன்னும் கடுமையானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். 180 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. அதிலிருந்து அரசுக்கு வரும் ஆண்டு வருவாய் 2023–24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விற்பனைக்கு இருக்கும் ஏற்பாட்டின் பரப்போடு மீட்புக்கு இருக்கும் ஏற்பாட்டை ஒப்பிட்டால் மனம் கனக்கிறது.

குடிநோயையும் மனநோயையும் ஒரே கட்டுரையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவரிடமே இரண்டும் சேர்ந்திருப்பதைச் சிகிச்சையாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். மனச்சோர்வை ஆற்றக் குடிக்கிறவர் உண்டு, குடித்துக் குடித்து மனச்சோர்வில் விழுந்தவரும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மது, போதைப் பொருள்களால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

எதைக் கலைவழிச் சிகிச்சை என்கிறோம்?

மூன்று வேறு காரியங்களை நாம் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். ஒன்று பொழுதுபோக்கு: வார்டில் கேரம் போர்டு வைப்பதுபோல வண்ணப் பென்சில்களும் வைப்பது. இரண்டாவது தொழில்வழிச் சிகிச்சை: நெசவு, தையல், அச்சு வேலை கற்றுக்கொடுத்து உழைக்கும் பழக்கத்தையும் வருமானத்தையும் மீட்டுத் தருவது. மூன்றாவதுதான் கலைவழிச் சிகிச்சை. பயிற்சி பெற்ற ஒருவர், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், தெளிவான சிகிச்சை நோக்கத்தோடு ஓவியம், களிமண், இசை, நடனம், நாடகம் ஆகியவற்றில் ஒன்றை ஊடகமாக வைத்து நோயரோடு உறவாடுவது. இங்கே படம் நன்றாக வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. வரையும்போது அவருக்கு என்ன நேர்ந்தது, வரைந்ததைப் பற்றி அவர் என்ன சொன்னார் அல்லது சொல்லாமல் விட்டார் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்றுக்கும் பயன் உண்டு. ஒன்றின் பெயரில் இன்னொன்றை நடத்தும்போதுதான் சிக்கல் வருகிறது. ‘எங்கள் மையத்தில் ஆர்ட் தெரபி உண்டு’ என்று விளம்பரப் பலகையில் எழுதிவிட்டு, உள்ளே குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகத்தைப் பெரியவர்களிடம் கொடுத்து உட்காரவைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும்.

வந்த வழி

இந்தத் துறைக்குப் பெயர் கொடுத்தவர் மருத்துவர் அல்லர், ஒரு நோயாளி. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938இல் காசநோய்க்காக மிட்ஹர்ஸ்ட் ஊரின் சானடோரியத்தில் படுத்திருந்தார். அன்று காசநோய்க்கு மருந்து இல்லை. மாதக்கணக்கில் ஓய்வும் நல்ல காற்றும்தான் சிகிச்சை. தாம்பரத்தில் மருத்துவர் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய சானடோரியமும் அந்த வைத்திய முறையில் பிறந்ததுதான். படுக்கையில் கிடந்தபடி ஹில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரையவைத்தார். 1942இல் இதற்குக் கலைவழிச் சிகிச்சை என்று பெயரிட்டார். நீண்ட, வெறுமையான, சுவரைப் பார்த்துக் கிடக்கும் பொழுதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

1946இல் இரண்டு இடங்களில் இது மனநல மருத்துவமனைக்குள் நுழைந்தது. இங்கிலாந்தின் நெதர்ன் மருத்துவமனையில் எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் ஒரு கலைக்கூடம் நடத்தினார். படத்துக்குப் பொருள் சொல்வதைத் தவிர்த்து, வரைகிறவர்களுக்கு அமைதியான துணையாக இருப்பதையே அவர் தன் வேலையாகக் கொண்டார். பிரேசிலின் ரியோ நகரில் மருத்துவர் நிசே டா சில்வெய்ரா மின்னதிர்ச்சியையும் மூளை அறுவையையும் செய்ய மறுத்தார். அதனால் மருத்துவமனையில் யாரும் மதிக்காத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் தொடங்கிய ஓவியக்கூடத்திலிருந்து 1952இல் உள்மனப் படிமங்களுக்கான ஓர் அருங்காட்சியகமே உருவானது. பல வருடம் பேசாமல் இருந்தவர்களை அவர் தூரிகையோடு உட்காரவைத்தார். ஒவ்வொருவர் பக்கத்திலும் மாறாமல் ஒரே துணையாள் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தினார்.

இந்த வரலாற்றில் ஓர் இருண்ட அத்தியாயமும் உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மருத்துவமனையில் ஹன்ஸ் பிரின்ஸ்ஹார்ன் மனநோயாளிகள் வரைந்த ஏறத்தாழ 5,000 படைப்புகளைத் திரட்டி, 1922இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதினார். பிற்பாடு நாஜிகள் அந்தப் படங்களில் சிலவற்றை எடுத்துச் சென்று, தாங்கள் வெறுத்த நவீன ஓவியங்களுக்குப் பக்கத்தில் இழிவுபடுத்தும் கண்காட்சியில் மாட்டினார்கள். அந்தத் தொகுப்பின் முக்கியமான ஓவியர்களில் ஒருவரான ஃபிரான்ஸ் கார்ல் பியூலர் 1940இல் நோயாளிகளைக் கொல்லும் அரசுத் திட்டத்தில் கொல்லப்பட்டார். படத்தை வியந்துவிட்டு வரைந்தவரை மறந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

சென்னையின் கதை

சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது இன்னும் ஒரு வசைச்சொல். ஆனால் அந்த மருத்துவமனைக்குள் நடந்தவை வசைக்கு உரியவை அல்ல. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் எம். சாரதா மேனன் 1961 முதல் 1978வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். நோயாளிகளை அறைக்குள் வைத்துப் பூட்டுவதைவிட அவர்களை வேலையில் ஈடுபடுத்துவது பலன் தரும் என்று நம்பி, தொழில்வழிச் சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்தார். 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், மருந்தோடு மறுவாழ்வையும் தொழிற்பயிற்சியையும் சேர்த்தே நடத்துகிறது. மனநலம் பற்றிய திரைப்படங்களுக்கென்று விழாக்களும் நடத்தியிருக்கிறது.

பாரிவாக்கத்திலிருந்து கிழக்கே நகரத்துக்குள் போனால் முகப்பேர். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய ‘பானியன்’ அமைப்பின் இல்லம் அங்கேதான் இருக்கிறது. தெருவில் திரிந்த, மனநோயுள்ள பெண்களை அழைத்து வந்து, மருத்துவம் பார்த்து, ஊரையும் உறவையும் தேடிச் சேர்த்தது அந்த அமைப்பு. நெசவும் துணியில் அச்சு வேலையும் அங்கே மறுவாழ்வின் பகுதியாயின. தன் பெயரையே மறந்துபோன ஒரு பெண் துணியில் அச்சுக்கட்டையை வைத்து அழுத்தி, எடுத்துப் பார்க்கும்போது ஒரு பூ நிற்கிறது. அது தன் கையால் வந்தது என்று அவருக்குத் தெரிகிறது. அந்த நொடியைச் சிகிச்சை என்று அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

குடிநோய்க்குச் சென்னையில் முன்னோடி, சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை. குடிநோய்க்குக் கணவரை இழந்த பெண் எழுப்பிய மருத்துவமனை அது. குடியை ஒழுக்கக்கேடாகப் பார்த்த சமூகத்தில் அதை நோய் என்று சொல்லவும், குடும்பத்தையும் சிகிச்சைக்குள் உட்காரவைக்கவும் அது வழிகாட்டியது. குழுவாக உட்கார்ந்து பேசுவது அங்கே முதன்மையான கருவி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களிலும் பேச்சுதான் மருந்து. பேச முடிந்தவர்களுக்கு இது பெரிய வரம். பேச வராதவர்களுக்கு என்ன வழி என்ற இடத்தில்தான் கலை உள்ளே வருகிறது.

தமிழ்நாட்டுக்கு வெளியே இன்னும் துணிச்சலான முயற்சிகள் நடந்திருக்கின்றன. கொல்கத்தாவில் ரத்னாபோலி ராய் 2000இல் தொடங்கிய ‘அஞ்சலி’ அமைப்பு, அரசு மனநல மருத்துவமனைகளின் சுவருக்குள்ளேயே ஓவியம், நடனம், நாடகம் ஆகியவற்றைக் கொண்டுசென்றது. புனேயில் பார்கவி தாவரின் ‘பாபு டிரஸ்ட்’ ஏழைக் குடியிருப்புகளில் கலைவழி முறைகளைச் சமூக மனநலப் பணியோடு இணைத்தது. ஈழத்தில் போர் நடந்த காலத்திலேயே குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ நாடகம் மனவடுவை மேடைக்குக் கொண்டுவந்தது. மட்டக்களப்பில் 1996இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா களிமண்ணையும் கதையையும் கொண்டு போரால் நொந்த மனங்களைத் தொட்டது. தமிழில் இந்தப் பணி செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு இவை போதிய விடை.

கை அசையும்போது என்ன நடக்கிறது?

குடியை நிறுத்திய முதல் சில நாள்களில் கலைக்கு இடமே இல்லை. கடைசிக் குடிக்குப் பின் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும் பிதற்றலும் வலிப்பும்கூட வரலாம். அது உயிருக்கே ஆபத்தான கட்டம். அப்போது வேண்டியது மருத்துவரும் மருந்தும் தயமின் ஊசியும்தான். உடல் தெளிந்த பிறகு மூன்று காரணங்களுக்காகக் கலை உதவுகிறது.

முதலாவது சொல். குடிநோயாளிகள் பலருக்குத் தங்கள் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வருவதில்லை. ‘என்ன பண்ணுது?’ என்று கேட்டால் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பார்கள். கோபமா, பயமா, வெட்கமா என்று பிரித்தறிய முடியாததால் எல்லாவற்றுக்கும் ஒரே விடையாகக் குடி இருந்தது. அந்த ‘ஒரு மாதிரி’ காகிதத்தில் ஒரு நிறமாக, ஒரு கோடாக இறங்கிவிட்டால், அதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பேச முடிகிறது. அமெரிக்கச் சிகிச்சையாளர்கள் 1981 முதல் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் பாலத்தை வரை, அதில் நீ எங்கே நிற்கிறாய் என்று குறி என்பார்கள். பாரிவாக்கத்துக்காரருக்குப் பாலத்துக்குப் பதில் ஏரிக்கரை சரியாக இருக்கும். இந்தக் கரையில் என்ன இருந்தது, எதிர்க்கரையில் என்ன தெரிகிறது, கலங்கல் எந்தப் பக்கம் என்று அவரே சொல்லத் தொடங்குவார்.

இரண்டாவது நேரம். குடிக்கும் வேட்கை அலைபோல வருகிறது. எழுந்து, உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாகத் தணிகிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் அந்த அலையைக் கிளப்பும் என்று மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தருகிறார்கள். அலை கடக்கும்வரை கைக்கு ஒரு பிடி வேண்டும். களிமண்ணை ஒரு கையால் பிசைந்துகொண்டு இன்னொரு கையால் பாட்டிலைத் திறக்க முடியாது. வேட்கை வரும் வேளையும் கலைக்கூடம் திறந்திருக்கும் வேளையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது தொடக்கம். மனச்சிதைவில் குரல்களையும் சந்தேகங்களையும் மருந்து அடக்குகிறது. ஆர்வமின்மை, ஒதுங்கியிருத்தல், முகத்தில் உணர்ச்சி வற்றிப்போதல் ஆகியவற்றை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. தொடக்கத்தில் சொன்ன, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ‘ஏதாவது செய்’ என்றால் அது மலைபோல நிற்கும். கோலமாவைக் கொடுத்து நான்கு புள்ளி வைக்கச் சொன்னால் அது செய்யக்கூடிய அளவு. அடுத்த நாள் ஆறு புள்ளி. கோலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு, முடிவு உண்டு, மறுநாள் காலை அழித்துவிட்டு மீண்டும் போடும் உரிமை உண்டு. தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறவருக்கு இதைவிட நல்ல ஊடகம் எனக்குத் தெரியவில்லை. அவர் கைக்கு அது முன்பே தெரிந்ததும்கூட.

சான்றுகள் என்ன சொல்கின்றன?

கலைவழிச் சிகிச்சையை விரும்புகிறவர்கள் தவிர்த்துவிடும் ஆய்வு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்து நடந்த ‘மாட்டிஸ்’ ஆய்வின் முடிவு 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை குழுவாக ஓராண்டுவரை கலைவழிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, அன்றாடச் செயல்பாட்டிலும் மனநிலையிலும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடமிருந்து எந்த வேறுபாடும் இல்லை. இது நேர்மையான, பெரிய ஆய்வு. இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் உள்ளே ஒரு செய்தி இருக்கிறது. கலைக்குழுவுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஒருமுறைகூட வரவில்லை. வீட்டிலிருந்து கிளம்பி வாரம் ஒருநாள் வர வேண்டும் என்பதே அந்த நோய் பறித்துக்கொண்ட திறமை. பெர்லினில் மருத்துவமனையில் தங்கியிருந்த 58 பேரிடம், வாரம் இருமுறை நடத்தி 2014இல் வெளியான சிறிய ஆய்வில் நோய்க்குறிகள் குறைந்தன. சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு அடிக்கடி, யாரோடு என்பவைதான் கேள்விகள் என்று தோன்றுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு மனச்சிதைவுக்கான வழிகாட்டுதலில் கலைவழிச் சிகிச்சைகளைப் பரிசீலிக்கும்படி 2009இல் சொன்னது. மாட்டிஸ் முடிவுக்குப் பிறகு 2014இல் புதுப்பித்தபோதும் அதை நீக்கவில்லை.

போதை மீட்பில் சான்றுகள் இன்னும் மெலிவானவை. ஓவியத்தைப் பற்றி நல்ல ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. இசைவழிச் சிகிச்சை பற்றி 2022இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, வழக்கமான சிகிச்சையோடு இசையும் சேரும்போது வேட்கை குறையவும் சிகிச்சையில் தொடரும் ஊக்கம் கூடவும் வாய்ப்பு உண்டு என்றது. மனச்சோர்வும் பதற்றமும் குறையும் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. நலமாக உள்ள 39 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 45 நிமிடம் களிமண்ணும் வண்ணமும் கையாண்டபின் நான்கில் மூன்று பேருக்கு மன அழுத்தச் சுரப்பான கார்டிசால் குறைந்தது. முன்பு வரைந்து பழகியவரா இல்லையா என்பது பொருட்டாகவே இல்லை. ‘எனக்கு வரைய வராது’ என்று தயங்குகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஓவியமே இல்லாத ஓர் ஆய்வு. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றுக்கு அழைத்து வரப்பட்ட, கடுமையான மனநோயுள்ள 31 பேரை ஆராய்ந்து 2002இல் பதிவு செய்தார்கள். சராசரியாக ஆறு வாரம் அவர்கள் அங்கே தங்கினார்கள். சிறப்பு மந்திரமோ சடங்கோ மருந்தோ இல்லை. காலையில் வழிபாடு, பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இடத்தைக் கூட்டுவது, கூட வந்த உறவினர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பது. மதிப்பீட்டு அளவுகோலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. புதிய மருந்துகள் தரும் பலனுக்கு இது நிகரானது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒப்பிட வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான் என்றாலும் அதன் பாடம் பெரிது. மதிப்போடு நடத்தும் ஓர் இடம், கைக்கு அளவான வேலை, விட்டுப் போகாத துணை. சில்வெய்ராவின் ஓவியக்கூடமும் இந்தக் கோயில் முற்றமும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன.

இந்த அடித்தளத்துக்கு நேர் எதிரான காட்சியையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நம்பிக்கையின் பெயரால் கூட்டி வரப்பட்டவர்கள் அவர்கள். கையை விடுவிப்பதுதான் முதல் சிகிச்சை. மற்றவை எல்லாம் அதற்குப் பின்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

கருப்பு வண்ணம் என்றால் சோகம், கதவில்லாத வீடு என்றால் தனிமை என்று அகராதி போட்டுப் பொருள் சொல்வது முதல் ஆபத்து. கருப்புப் பென்சில் மட்டும் கூர்மையாக இருந்திருக்கலாம். படத்துக்கு உரிய பொருளைச் சொல்லும் உரிமை வரைந்தவருக்கே உண்டு.

உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடச் சொல்வது இரண்டாவது. பழைய வன்முறையின் நினைவை ஒரு மணி நேரக் குழுவில் ஒருவரிடம் கிளப்பிவிட்டு, நேரம் முடிந்ததும் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பினால், அன்று மாலை அவர் கடைக்குத்தான் போவார். மனச்சிதைவின் கடுமையான கட்டத்தில் இருப்பவருக்குக் கட்டற்ற கற்பனையைவிட, கோலம், பின்னல், அச்சு போன்ற ஒழுங்குள்ள வேலைகளே பாதுகாப்பு.

மூன்றாவது பொருள்கள். தின்னரும், கரைப்பான் கலந்த பசைகளும், ஒயிட்னரும் போதைக்காக முகரப்படுபவை. மறுவாழ்வு மையத்தின் கலை அறையில் அவற்றுக்கு இடம் கிடையாது. தண்ணீரில் கரையும் வண்ணம், கிரேயான், மாவு, மண் ஆகியவை போதும். கத்தரியையும் பிளேடையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும்.

நான்காவது கண்காட்சி. நன்கொடையாளர்கள் வரும் நாளில் படங்களை மாட்டி, வரைந்தவரின் பெயரையும் நோயையும் எழுதிவைப்பது தவறு. மாட்டலாமா, பெயர் போடலாமா, விற்றால் பணம் யாருக்கு என்ற மூன்றையும் அவரிடமே கேட்க வேண்டும். இன்று சம்மதித்தவர் நாளை மறுத்தால் படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, மருந்துக்கு மாற்றாகக் கலையை விற்பவர்களை நம்பக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு வரைய வா என்று அழைப்பவர் நோயருக்குத் தீங்கு செய்கிறார்.

இங்கே என்ன செய்யலாம்?

சட்டத்தில் வாசல் திறந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடைநிலை இல்லங்களையும் சமூகத்துக்குள்ளேயே கிடைக்கும் மறுவாழ்வுச் சேவைகளையும் ஏற்படுத்துவதை அரசின் கடமையாக்குகிறது. 2021இல் வந்த, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், கலை, நடன, அசைவுவழிச் சிகிச்சையாளர்களைத் தன் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. மாவட்ட மனநலத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டடத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவில்தான் இன்னும் ஏதும் இல்லை.

அந்த நடுவெளிக்குப் பெரிய செலவு வேண்டாம். பாரிவாக்கம் போன்ற ஊரில் ஒரு நூலகத்தின் கூடமோ சமுதாயக் கூடமோ போதும். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்தரை முதல் ஏழரைவரை அது திறந்திருக்க வேண்டும். ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்த வேண்டும்; குடியை விட்டுச் சில வருடம் ஆன ஒருவர் அவருக்குத் துணையாக, சம்பளத்தோடு இருக்க வேண்டும். தானே அந்தப் பாதையில் வந்தவரின் பக்கத்தில் உட்காருவதற்குப் புதிதாக வந்தவர் கூச்சப்பட மாட்டார். கொசப்பேட்டையில் பொம்மை செய்யும் குயவர்களையும், பறையடிக்கும் கலைஞர்களையும், தெருக்கூத்துக்காரர்களையும் மாதம் ஒருமுறை அழைக்கலாம். கொலுவுக்கு முன்பு பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதும் மார்கழியில் கோலம் போடுவதும் நாள்காட்டியிலேயே இருக்கும் வேலைகள். சிகிச்சைக்கு வருகிறோம் என்ற உறுத்தலும் அவற்றில் குறைவு.

பயிற்சிதான் நம் பெரிய பற்றாக்குறை. பெருநகரத்து ஆங்கில வகுப்புகளில் படித்த சிலரை மட்டும் நம்பி இந்தப் பணி நடக்காது. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் மறுவாழ்வு மையப் பணியாளர்களுக்கும் தமிழில் பாடத்திட்டம் வேண்டும். ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று வருகிறவரைப் புரிந்துகொள்ள அந்த மொழியில் காது வேண்டும். கூடவே கணக்கும் வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், மூன்றாம் மாதத்தில் எத்தனை பேர் நீடித்தார்கள், மீண்டும் குடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று நேர்மையாக எழுதிவைக்க வேண்டும். வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளும் துணிவும் வேண்டும்.

குடும்பத்தையும் விட்டுவிடக் கூடாது. மீள்கிறவரின் படத்தைவிட அவருடைய மனைவி வரையும் படம் சில வேளை அதிகம் பேசும். இருபது வருடமாக மாலை ஆறு மணிக்கு வாசலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவர் அவர். அவருக்கும் அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி வேண்டும்.

மாத்திரை, ஆலோசனை, கூட்டம், வேலை எல்லாம் சரியாக நடந்தாலும் மறுபடி விழுகிறவர்கள் இருப்பார்கள். குடிநோயில் மீண்டும் விழுவது அரிதல்ல. உடனடி உதவிக்கு டெலிமானஸ் 14416, போதை மீட்புக்கு 14446 ஆகிய எண்கள் இருக்கின்றன. விழுந்தவரைத் திட்டாமல் அடுத்த நாள் அதே இடத்தில், அவர் பாதியில் விட்ட மண்ணை ஈரத்துணி போர்த்தி வைத்திருப்பதுதான் கலைக்கூடத்தின் வேலை. மண் காய்ந்து இறுகாமல் இருந்தால் அவர் வந்து தொடரலாம். அந்தத் துணியைத் தினமும் நனைத்துவைக்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஆய்வில் நான் பார்த்த எல்லா இடங்களிலும், எல்லாக் காலங்களிலும், பலன் கிடைத்தபோதெல்லாம் அங்கே அப்படி ஓர் ஆள் இருந்தார்.